சிலிக்கா: பெயரும் பொருளும் (கேள்வி பதில்)

கேள்வி: சிலிக்கா என்ற சொல் எங்கிருந்து வந்தது?

பதில்: சிக்கிமுக்கிக் கல்லை இலத்தீனில் ‘சிலெக்ஸ்’ என்பர், வேற்றுமை ஏற்கையில் அது ‘சிலிகிஸ்’ எனத் திரியும். அந்த அடிச்சொல்லிலிருந்து 1800ஆம் ஆண்டையொட்டி வேதியியலார் ஆக்கிக்கொண்ட சொல்லே சிலிக்கா. பழைய உரோமர் அதை அறியார். எளிதில் உருகாத, நீரில் கரையாத பொருள்களை அன்று ‘மண்’ என்று தனி வகையாக்கி, மக்னீசியா, அலுமினா என ஒரே ஈற்றில் பெயரிட்டு வந்தனர். அவ்வரிசையில் இதுவும் சேர்ந்தது.

கேள்வி: சிலிக்கா, சிலிக்கான், சிலிக்கோன் மூன்றும் ஒன்றுதானா ஐயா?

பதில்: இல்லை. சிலிக்கா என்பது சிலிக்கான் டை ஆக்சைடு, அதாவது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மம். சிலிக்கான் அதிலுள்ள தனிமம். இம்மண்ணுக்குள் அறியப்படாத ஒரு தனிமம் இருக்கலாம் என்று 1787இல் பிரெஞ்சு வேதியியலார் இலவாசியே கருதினார். 1808இல் ஆங்கிலேய வேதியியலார் டேவி, அது உலோகமாக இருக்கும் என்று நம்பி, சோடியம், பொட்டாசியம் போலச் ‘சிலிசியம்’ என்றார். அது கார்பன், போரான் ஆகியவற்றின் இனம் என்று கண்ட தாமஸ் தாம்சன் 1817இல் ஈற்றை மாற்றிச் சிலிக்கான் ஆக்கினார். பெர்சீலியசு அத்தனிமத்தைப் பிரித்தெடுத்ததோ 1824இல்தான். பொருள் கைக்கு வருமுன்பே இரண்டு பெயர் சூட்டிவிட்டார்கள்! சிலிக்கோன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேதியியலார் கிப்பிங், கீட்டோன் என்னும் கரிமச் சேர்ம வகையை ஒப்புமையாகக் கொண்டு வழங்கிய பெயர். உண்மையில் அவை கீட்டோன் போன்றவை அல்ல; சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறிமாறித் தொடுத்த நீண்ட சங்கிலிகள். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

கேள்வி: வடமொழியின் ‘சிலா’வும் கல்லைத்தானே குறிக்கிறது? இரண்டும் ஒரே வேர் அல்லவா?

பதில்: ஒலி ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது. பல சொற்களில் ஒரே முறையான ஒலிமாற்றம் காணப்பட வேண்டும். இவ்விரண்டுக்கும் அப்படியொரு தொடர்பு நிறுவப்படவில்லை. சிலிக்கா இலத்தீன் வழியாக வந்தது என்பதில் ஐயமில்லை.

கேள்வி: மணல் எல்லாம் சிலிக்காவா?

பதில்: ஆற்றுமணலில் பெரும்பகுதி குவார்ட்சு, அதாவது சிலிக்காதான். பவளத்தீவுகளின் வெண்மணலோ கால்சியம் கார்பனேட்டு. அதன்மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் நுரைக்கும், குவார்ட்சு மணல் நுரைக்காது.

கேள்வி: நெல்லில் சிலிக்கா உண்டு என்கிறார்களே?

பதில்: உண்டு. மண்ணீரில் கரைந்துள்ள சிலிசிக் அமிலத்தை நெற்பயிர் வேர்வழி உறிஞ்சி, இலையிலும் உமியிலும் சிலிக்காவாகப் படியவைக்கிறது. நெல்லின் தாள் கையைக் கீறுவதற்கு இதுவும் ஒரு காரணம். உமியை முற்ற எரித்தபின் எஞ்சும் வெண்சாம்பலிலும் பெரும்பங்கு இதுவே.