பங்குனியில் போனால் பறவை இருக்குமா?

கேள்வி: டிசம்பரில் பறவை பார்க்கக் கோடியக்கரை போக நினைத்தோம், மழையால் முடியவில்லை. இனிமேல் போனால் எல்லாம் கிளம்பிப் போயிருக்கும் என்கிறார்கள். பங்குனி முதல் வாரத்தில் இரண்டு பிள்ளைகளோடு வரலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாக வாருங்கள், அம்மா. என்னைக் கேட்டால் மார்கழியைவிடப் பங்குனிதான் அழகு என்பேன். மார்கழியில், சேற்றில் இரை பொறுக்கும் உள்ளான் பறவைகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். எது எது என்று பிரித்துப் பார்ப்பதற்குள் கண் வலித்துவிடும். பங்குனியில் ஊர் திரும்பும் நேரம் நெருங்க நெருங்க ஒவ்வொன்றும் நிறம் மாறும். வளைந்த மூக்கு உள்ளானுக்கு மார்பு செங்கல் நிறமாகிறது. பொன்னிற உப்புக்கொத்திக்கு வயிறு கறுத்து, முதுகில் பொன்னைத் தூவினாற்போல் புள்ளிகள் வருகின்றன. இரண்டும் முட்டையிடுவது சைபீரியாவின் வடகோடியில். அந்தக் கோலத்தை நாம் இங்கே பார்க்கக் கிடைப்பது இந்தச் சில வாரங்கள்தான்.

வேதாரண்யத்திலிருந்து அகஸ்தியம்பள்ளி வழியாக விடியற்காலையிலேயே வந்துவிடுங்கள். உப்பளங்கள் சாலைக்கு மேற்கே இருப்பதால் வெயில் உங்கள் முதுகுப் பக்கம் விழும்; நிறம் நன்றாகத் தெரியும். உப்பளத்தோடு நின்றுவிடாதீர்கள். என் அப்பா கடலை போட்ட கொல்லை கோடியக்காட்டுப் பக்கம்தான். கடலை பிடுங்கிய மண்ணில் மஞ்சள் வாலாட்டிகள் ஓடி ஓடிப் பூச்சி பொறுக்கும். மின்கம்பியில் தகைவிலான் வரிசையாக உட்கார்ந்திருக்கும். சின்ன வயதில் அவற்றை எண்ணிக்கொண்டே அப்பாவுக்குச் சோறு எடுத்துப் போவேன். கொல்லைகள் அடுத்தவருடையவை, ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரப்பில் நடங்கள். யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

மாந்தோப்புகளில் சருகு கிளறும் சத்தம் கேட்டால் அசையாமல் நில்லுங்கள். ஆறுமணிக்குருவியாக இருக்கலாம். பச்சை முதுகு, வயிற்றின் அடியில் சிவப்பு. காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் அந்தப் பெயர். 2018 நவம்பரில் கஜா புயல் இங்கே மாவையும் தென்னையையும் வேரோடு சாய்த்தது. அடுத்த பங்குனியில், மிச்சமிருந்த நாலு மா மரத்தடியில் அந்தக் குரலைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

கேள்வி: பறவைக் கூட்டம் எழுந்து பறப்பதைப் படம் எடுக்க, கை தட்டியோ கல் எறிந்தோ கிளப்பினால் தவறா? கொஞ்ச நேரத்தில் திரும்ப உட்கார்ந்துவிடுகிறதே?
- கல்லூரி மாணவர், நாகப்பட்டினம்

பதில்: தவறுதான், தம்பி. அதிலும் பங்குனி, சித்திரையில் பெரிய தவறு. கொசு உள்ளான் இருபது கிராம் சொச்சம் எடையுள்ள பறவை. அது வடதுருவப் பகுதியை நோக்கிப் பறக்கத் தேவையான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் சேர்க்கிறது. பூச்சியும் புழுவும் பொறுக்கிப் பொறுக்கி, கிளம்பும் முன் நன்றாக எடை கூடிவிடும். நீங்கள் ஒரு முறை கிளப்பினால் தின்னும் நேரமும் போச்சு, சேர்த்ததில் கொஞ்சமும் செலவு. உங்களுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் அதையே செய்தால்?

அப்படியே உட்கார்ந்திருங்கள். ஒரு மணி நேரம் போகட்டும். பருந்து ஒன்று தலைக்கு மேல் வந்தால் கூட்டம் தானாகவே எழும். உங்களுக்கு வேண்டிய படமும் கிடைக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பறவையின் காலைப் பாருங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகள் எங்கே போய் வருகின்றன என்று அறிய, பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் அவற்றின் காலில் வளையம் மாட்டி வருகிறார்கள். வளையமோ நிறக்கொடியோ (கொடிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் வண்ணப் பட்டை) தெரிந்தால் எழுத்தையும் எண்ணையும், நாளையும் இடத்தையும் குறித்து அவர்களுக்கு அனுப்புங்கள்.

கேள்வி: பைனாகுலர் இல்லாமல் வரலாமா?
- கும்பகோணம் வாசகியே கேட்டது

பதில்: வரலாம். பவளக்காலியின் நீண்ட சிவப்புக் கால்கள் வெறும் கண்ணுக்கே தெரியும். பிள்ளைகளுக்குத் தொப்பியும், ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீரும் கொண்டு வாருங்கள். உப்பளத்தில் நிழல் கிடையாது.