பிட்யூட்டரி கட்டிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகும் கண்ணில் ஓசிடி ஸ்கேன் எதற்கு?

அம்மாவுக்கு ஆபரேஷன் தேதி குறித்துவிட்டார்கள், இப்போது போய்க் கண் நரம்பை ஓசிடி ஸ்கேன் (ஒளியை வைத்து விழித்திரையின் நரம்பிழை அடுக்கு எவ்வளவு தடிமன் என்று அளப்பது) எடுக்கச் சொல்கிறார்கள், வீண் செலவா என்று கேட்டிருக்கிறீர்கள். வீண் இல்லை, கட்டாயம் எடுங்கள். எங்கள் நைனாவுக்கும் இதே கட்டிதான், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில்.

நைனா காசிமேட்டில் வலை பின்னுகிறவர். திடீரென்று வலை ஊசி கண்ணிக்குள் போகாமல் தள்ளித் தள்ளிப் போனது. தெருவில் நடந்தால் பக்கவாட்டில் வரும் மீன்பாடி வண்டி தெரியாது. ஆனால் கண் போர்டில் கடைசி வரி வரைக்கும் படித்துவிடுவார். அதனால் இரண்டு முறை கண்ணாடி மாற்றியதோடு சரி, பல மாதம் வீணாகப் போனது. அப்புறம் ஒரு டாக்டர் ஃபீல்டு டெஸ்ட் (நேராகப் பார்க்கும்போது சுற்றிலும் எதுவரை தெரிகிறது என்று பார்க்கும் சோதனை) எடுக்கச் சொன்னார். இரண்டு கண்ணிலும் காதுப் பக்கப் பாதி கறுப்பாக வந்தது.

காரணம் இதுதான். பிட்யூட்டரிக்குச் சற்று மேலே இரண்டு பார்வை நரம்புகளும் சந்திக்கின்றன. விழித்திரையின் மூக்குப் பக்க இழைகள் அங்கே குறுக்கே கடந்து மறுபக்கம் போகும். வெளிப்பக்கத்தைப் பார்ப்பது அந்த இழைகள்தான். கட்டி கீழிருந்து வளர்ந்து அவற்றை அழுத்துவதால் பெரும்பாலும் மேல் ஓரத்தில் முதலில் மங்கும். ஊசி தவறியதும் இதனால்தான்: கிட்டத்தில் ஒரு புள்ளியைக் கூர்ந்து பார்க்கும்போது அதற்குப் பின்னால் இருப்பது மறைந்துவிடும்.

எம்.ஆர்.ஐ. கட்டி எங்கே, எவ்வளவு பெரிது என்று சொல்லும். ஃபீல்டு டெஸ்ட் இன்று எவ்வளவு பார்வை போயிருக்கிறது என்று சொல்லும். போனதில் எவ்வளவு திரும்பி வரலாம் என்பதற்குத் துப்பு தருவது ஓசிடி. நரம்பு நசுங்கி வேலை செய்யாமல் இருப்பது வேறு, இழையே செத்துப்போவது வேறு. ஃபீல்டு டெஸ்டில் இரண்டும் ஒரே கறுப்புதான். ஓசிடியில் இழை செத்திருந்தால் அடுக்கு மெலிந்து தெரியும். மெலியாமல் இருந்தால், அழுத்தம் நீங்கியதும் பார்வை திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு.

ஊசி கிடையாது, எக்ஸ்ரே கதிர் கிடையாது. தாடையை வைத்து ஒரு குறியைப் பார்த்தால் போதும், சில நிமிடத்தில் முடிந்துவிடும். நைனாவுக்கு அந்த அடுக்கின் சராசரித் தடிமன் வலது கண்ணில் 91 மைக்ரான், இடதில் 72. (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) "வலது நன்றாகத் தேறும், இடது முழுசா வரும்னு சொல்ல முடியாது" என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னார். மூக்கு வழியாக ஆபரேஷன் செய்தார்கள். வலது கண் ஒரே வாரத்தில் தெளிந்தது. இடதில் மேல் ஓரம் இன்னும் மங்கல்தான். முன்பே தெரிந்திருந்ததால் நாங்கள் யாரும் இடிந்துபோகவில்லை.

ஸ்கேன் நார்மல் என்று வந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். இழை மெலிய வாரங்கள், மாதங்கள்கூட ஆகும்; மெலிவதற்கு முன் அழுத்தத்தை எடுப்பதுதான் நல்லது. இடையில் திடீரென்று கடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் வந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

ரிப்போர்ட் தாளைப் பத்திரமாக வையுங்கள், பின்னால் ஒப்பிட வேண்டியிருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு மைக்ரான் எண் ஏறவில்லையே என்று பயப்படாதீர்கள். செத்த இழை முளைக்காது, ஆனால் உயிரோடு இருக்கும் இழை மறுபடி வேலை செய்யும். நைனாவின் எண் ஏறவே இல்லை. வலை ஊசி மட்டும் இப்போது சரியாகக் கண்ணிக்குள் போகிறது.