கட்டுக் கட்டாய் அசைன்மென்ட்: கேள்வி பதில்

கலைக் கல்லூரியில் 22 ஆண்டுகளாக ஆங்கிலம் நடத்தும் இணைப் பேராசிரியர் பதில் சொல்கிறார்.

சார், புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் நான். நான்கு வகுப்பு, ஒவ்வொன்றிலும் 60 பேர். ராத்திரி பன்னிரண்டு வரை திருத்தியும் முடியவில்லை. தப்பு என்னிடமா?

இல்லைம்மா. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 240 தாள், ஒன்றுக்கு 5 நிமிடம் என்றாலே 20 மணி நேரம். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி வாரத்துக்குக் குறைந்தது 40 மணி வேலை. அதில் உங்களுக்கு வகுப்பு 16 மணி. மிச்சமிருக்கும் 24 மணி நேரத்தில் இருபதை ஒரே சுற்றுத் திருத்தம் விழுங்கிவிடும். அப்புறம் பாடம் தயாரிப்பது எப்போது? விதி மணியைத்தான் எண்ணுகிறது, தலையை எண்ணுவதில்லை. எதிரே இருபது பேர் உட்கார்ந்தாலும் எழுபது பேர் உட்கார்ந்தாலும் அதே 16தான்.

நான் முதலில் மாற்றியது கெடுவை. நான்கு வகுப்பும் ஒரே வாரத்தில் தாள் தராது. பிறகு பத்துப் பக்கத்தை இரண்டாக்கினேன். முன்பு வந்த பத்தில் எட்டு, எங்கிருந்தோ பார்த்து எழுதியதுதான். ஒவ்வொரு தாளிலும் ஒரே பிழையைத் திருத்துவதையும் விட்டுவிட்டேன். நிறைய பேர் செய்த ஐந்து தவறுகளைக் கரும்பலகையில் எழுதி, அவரவர் தாளில் அவரவரே தேடச் சொல்வேன். அந்த ஒரு மணி நேரம் என் சிவப்புப் பேனாவைவிட நன்றாக வேலை செய்கிறது.

மாணவர்களே மாற்றித் திருத்தினால்?

பயிற்சிக்குச் சரி, இன்டர்னல் மார்க்குக்கு வேண்டாம். ஒருமுறை விட்டுப் பார்த்தேன். மொத்த வகுப்பும் பத்துக்கு ஒன்பது!

நான் பொறியியல் கல்லூரியில் இருக்கிறேன். ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) ஓர் ஆசிரியருக்கு 20 மாணவர், அதாவது 1:20 என்கிறதே, என் வகுப்பில் ஏன் 60 பேர்?

அது மொத்த மாணவருக்கு மொத்த ஆசிரியர் என்ற விகிதம். நான்கு ஆண்டும் 60 வீதம் 240 பேர் படித்தால் 12 ஆசிரியர் வேண்டும், அவ்வளவுதான். ஒரு அறையில் எத்தனை பேர் என்பதை அது சொல்லாது. 2018 வரை 1:15 ஆக இருந்தது, தளர்த்திவிட்டார்கள். என்னைக் கேட்டால் அது தவறான முடிவு.

ஐயா, நான் மாணவன். எங்கள் மேடம் அசைன்மென்டை எடை பார்த்துத்தான் மார்க் போடுகிறார்.

அவர் மேசையில் எத்தனை கட்டு இருக்கிறது என்று எட்டிப் பார்த்தாயா தம்பி? சொல்ல வந்ததை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடு. எவ்வளவு களைப்பு இருந்தாலும் முதல் பக்கத்தைப் படித்துவிடுவோம்.