ஆவுளியாவைப் பற்றி நீங்கள் கேட்டவை

பாக் விரிகுடாக் கரையில் மீனவர்களோடு சேர்ந்து ஆவுளியா, அதாவது கடற்பசு, பாதுகாப்பு வேலை பார்க்கிறேன். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொன்னதற்கு நிறையவே கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மதுரை, கல்லூரி மாணவி: அண்ணா, இதை இன்னும் கறிக்காகக் கொல்கிறார்களா?

முன்பு அளவுக்கு இல்லைம்மா. ஒரு காலத்தில் கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் ஆவுளியாக் கறிக்கு நல்ல கிராக்கி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இது முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. பிடித்தாலோ விற்றாலோ 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அதனால் தேடிப்போய்ப் பிடிப்பது ரொம்பக் குறைந்துவிட்டது. ஆனால் வலையில் தற்செயலாகச் செத்ததை, "செத்ததுதானே" என்று கமுக்கமாகக் கூறு போடுவது முற்றிலும் நின்றுவிட்டது என்று என்னால் சொல்ல முடியாது. கறியை வாங்க ஆள் இருக்கும்வரை, உயிரோடு மாட்டியதை விட்டுவிடச் சொல்வதும் கஷ்டம்தான்.

திருச்சி: வேட்டை குறைந்துவிட்டது என்றால் எண்ணிக்கை தானாக ஏறிவிடாதா?

ஏறாது, காரணம் அதன் பிறப்புக் கணக்கு. பெண் ஆவுளியா குட்டி போடும் வயதுக்கு வரவே பொதுவாகப் பத்து வருடமாவது ஆகும். சினைக்காலம் ஒரு வருடத்துக்கும் மேல். ஒரு தடவைக்கு ஒரே குட்டி, அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு வருட இடைவெளி. மனிதனால் ஒரு சாவுகூட இல்லை, தீனியும் தாராளம் என்று வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு அதிகபட்சம் 5 சதவீதம்தான் பெருகும் என்பது ஆய்வாளர்கள் கணக்கு. தமிழகக் கடலில் சுமார் 240 இருக்கலாம் என்று அரசு சொல்கிறது. போட்டுப் பாருங்கள், நல்ல வருடத்திலேயே கூடுவது பன்னிரண்டு. அதில் நாலைந்து தாய் வலையில் போனால் மிச்சம் என்ன இருக்கும்? ஆவுளியாவின் சொந்தக்காரனான ஸ்டெல்லர் கடற்பசுவை ரஷ்யாவின் பெரிங் தீவுப் பக்கம் 1741இல்தான் ஐரோப்பியர் முதலில் பார்த்தார்கள், 1768க்குள் தின்றே தீர்த்துவிட்டார்கள். இருபத்தேழே வருடம்.

மல்லிப்பட்டினம், நாட்டுப்படகு மீனவர்: தம்பி, வலையில் மாட்டினால் அறுத்துவிடு என்று ஈசியாகச் சொல்கிறீர்கள். வலைக்காசை யார் தருவார்?

அண்ணே, நியாயமான கேள்வி. கரையில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு வலை விலை தெரியாது, கடன் வாங்கித்தான் வலை எடுக்கிறீர்கள் என்பதும் தெரியாது. ஆவுளியாவை உயிரோடு விட்டவர்களை வனத்துறை கூப்பிட்டுப் பாராட்டிப் பரிசுத்தொகை கொடுத்திருக்கிறது. அது வலை நஷ்டத்துக்கு ஈடாகுமா என்றால் எப்போதும் ஆகாது. அறுத்த வலைக்கு அறுத்த அளவுக்குக் காசு, அலையவிடாமல், சீக்கிரம் வரவேண்டும். விளம்பரப் பலகைக்குச் செலவழிப்பதை முதலில் இதில் போடலாம் என்பது என் கட்சி.

மாட்டினால் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். அது மீன் இல்லை, சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட்டாகவேண்டும். திருக்கை வலை மாதிரிக் கண் பெரிதான வலையில் துடுப்பு சிக்கினால் மேலே வரமுடியாமல் மூச்சு முட்டியே செத்துவிடும். அதனால் மூக்குத் துவாரம் தண்ணீருக்கு மேலே இருக்கிற மாதிரி முதலில் தலைப்பக்கத்தைத் தாங்குங்கள், அப்புறம் அறுங்கள். வாலில் கயிறு போட்டு இழுக்கவேண்டாம், படகில் ஏற்றவும் வேண்டாம், முந்நூறு நானூறு கிலோ உடம்பு, தண்ணீர் தாங்காவிட்டால் அதன் எடையே அதை அமுக்கும். குட்டி மட்டும் மாட்டியிருந்தால் தாய் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும், அதே இடத்தில் விடுங்கள். செல்ஃபி எல்லாம் வேண்டாம்.

மணமேல்குடி: காப்பகம் என்று அறிவித்துவிட்டு எங்களைக் கடலுக்குள் விடாமல் செய்யப் போகிறார்களா?

2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாக் காப்பகமாக அறிவித்தார்கள். தேசியப் பூங்கா வேறு, இது வேறு. கரை மக்களிடம் கலந்து பேசித்தான் இதை அறிவிக்கவேண்டும், நிர்வாக ஆலோசனைக் குழுவில் ஊராட்சிப் பிரதிநிதிக்கு இடம் உண்டு என்று சட்டமே சொல்கிறது. மன்னார் வளைகுடாத் தீவுகள் பூங்காவான பிறகு அங்கே பட்ட அனுபவத்தால் உங்களுக்குப் பயம் வருகிறது, அது புரிகிறது. அந்தக் குழுவில் உங்கள் ஊர் சார்பில் யார் உட்காருகிறார் என்று கேளுங்கள். பெயரளவுக்கு ஒருவர் இருந்தால் சண்டை போட்டு மாற்றுங்கள்.

கோவை: உயிரியல் பூங்காவில் வளர்த்து, பெருக்கி, கடலில் விடலாமே?

உலகில் எங்குமே ஆவுளியாவை அடைத்துவைத்துக் குட்டி போடவைத்ததில்லை. தினம் முப்பது நாற்பது கிலோ கடற்புல் வேண்டும். விட்டுவிடுங்கள்.

நாகப்பட்டினம்: கடற்புல்லும் குறைகிறதாமே?

ஆமாம், இழுவை மடிதான், அதாவது விசைப்படகு கடலடியை ஒட்டி இழுத்துப்போகும் வலைதான், முக்கிய வில்லன். ஆவுளியா மேய்ந்த இடத்தில் மண்ணில் கோணல்மாணலாக ஒரு வாய் அகலத்துக்குத் தடம் தெரியும், சில மாதத்தில் புல் திரும்ப வந்துவிடும். மடி இழுத்த இடத்தில் வேரோடு வழித்துக்கொண்டு போகும். அந்தப் புல்லுக்குள்தான் இறாலும் நண்டும் சின்ன மீனும் வளர்கின்றன, ஆக விசைப்படகுக்காரரின் நாளைய பிழைப்பும் அங்கேதான் இருக்கிறது.

சென்னை: கடலே பார்க்காத நான் என்ன செய்வது?

செத்த ஆவுளியா வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தால் குரூப் குரூப்பாக அனுப்பாதீர்கள். எந்தக் கரை, எந்தத் தேதி என்று அனுப்பியவரிடம் கேட்டு அந்த மாவட்ட வன அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். ராமேஸ்வரம் போகும்போது யாராவது ஆவுளியா எண்ணெய் என்று நீட்டினால் வாங்காதீர்கள், அதையும் சொல்லுங்கள்.