18 வயது நிறைந்த அன்றே ஓட்டுப் போட முடியுமா?

முடியாது. வயது வந்தால் மட்டும் போதாது, வாக்காளர் பட்டியலில் பெயரும் இருக்க வேண்டும். அதற்குத் தகுதி நாள் என்று ஒன்று உண்டு; அந்த நாளில் 18 நிறைந்திருக்க வேண்டும். முன்பெல்லாம் அது ஜனவரி 1 மட்டும்தான். ஜனவரி 2 அன்று 18 நிறைந்தவர் அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். நடுவில் சட்டமன்றத் தேர்தல் வந்தால் ஓட்டு கிடையாது. ஒரு நாள் தள்ளிப் பிறந்ததற்காக ஐந்து வருட ஆட்சியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை இழப்பது பெரிய அநியாயம்.

நல்லவேளை, 2021-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாள்கள். 17 முடிந்ததுமே, பெயர் சேர்ப்பதற்கான விண்ணப்பமான படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுத்துவைக்கலாம். கல்லூரியில் சேரும் வயதில் இதைச் செய்துவிடுவது நல்லது. ஏனென்றால், வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க மாட்டார்கள்.

அப்புறம், 18 என்பதே 1989 மார்ச் 28 முதல்தான். 61-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வரும்வரை 21. ஆனால் மக்களவைக்கோ சட்டமன்றத்துக்கோ போட்டியிட இன்றும் 25 ஆக வேண்டும். அதையும் குறைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.