கிராஃப் வரவில்லை என்பதற்காக குரூப்பை மாற்ற வேண்டாம்

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மகள் ஒன்பதாம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம். மற்ற கணக்கெல்லாம் ஓரளவு போடுகிறாள், சமன்பாட்டைக் கொடுத்து வரைபடம் வரையச் சொன்னால் மட்டும் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுகிறாள், அதனால் இவளுக்குக் கணக்கே வராது போல, பதினொன்றாம் வகுப்பில் காமர்ஸ் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காமர்ஸ் நல்ல குரூப்தான், அவளுக்குப் பிடித்திருந்தால் தாராளமாகச் சேருங்கள். ஆனால் கிராஃபுக்குப் பயந்து அங்கே போகாதீர்கள். அங்கே பொருளியலில் தேவைக் கோடு, அளிப்புக் கோடு என்று இதே இரண்டு அச்சும் மறுபடி வரும்.

வரைபடம் போடுவது ஒரே வேலை இல்லை. சின்னச் சின்னதாக நான்கைந்து வேலை, அதில் ஏதோ ஒன்று உங்கள் பெண்ணைத் தடுக்கிறது. அது எது என்று கண்டுபிடித்துவிட்டால் முக்கால்வாசி முடிந்த மாதிரி.

இன்று இரவே ஒன்று செய்து பாருங்கள். ஒய் = −2எக்ஸ் + 4 என்று எழுதிக் கொடுத்து, எக்ஸுக்கு −3 முதல் 3 வரை போட்டு அட்டவணை மட்டும் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எதுவும் சொல்லித்தர வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும். சரியாக வந்தால் 10, 8, 6, 4, 2, 0, −2 என்று இரண்டிரண்டாக இறங்கிக்கொண்டே போகும். நான் பார்க்கும் பிள்ளைகளில் நிறையப் பேர் −2, 0, 2, 4, 2, 0, −2 என்று எழுதுகிறார்கள். −2ஐ −3ஆல் பெருக்கினால் +6 வர வேண்டும், அங்கே −6 என்று போட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். அந்தப் புள்ளிகளைத் தாளில் வைத்தால் நேர்க்கோட்டுக்குப் பதிலாக ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஏறி இறங்கும். பிள்ளைக்கு எங்கே தப்பு என்று தெரியாது, அழித்து அழித்துப் பார்ப்பாள், தாள் கிழியும், அப்புறம் கிராஃப் என்றாலே ஒரு வெறுப்பு வந்துவிடும். தப்பு நடந்தது ஏழாம் வகுப்புக் குறிப் பெருக்கலில், பழி மட்டும் வரைபடத்தின் மேல்.

அட்டவணை சரியாக இருந்தால் அடுத்து புள்ளி வைப்பதைப் பாருங்கள். (3, −2) என்றால் இரண்டு அச்சும் வெட்டிக்கொள்கிற ஆதிப்புள்ளியிலிருந்து முதலில் பக்கவாட்டில் மூன்று கட்டம் நடக்க வேண்டும், அப்புறம்தான் இரண்டு கட்டம் இறங்க வேண்டும். இதை மாற்றி −2க்கு நடந்து 3 ஏறுகிற பிள்ளைகள் உண்டு. விரலை வைத்து நடந்து காட்டச் சொன்னால் இரண்டு நாளில் சரியாகிவிடும்.

மூன்றாவது அளவுத்திட்டம். ஒய் = 50எக்ஸ் என்று வந்தால் 1 செ.மீ. = 1 அலகு என்று போட முடியாது, தாளே போதாது. இரண்டு அச்சுக்கும் வேறு வேறு அளவு வைக்கலாம் என்பதே பல பேருக்குத் தெரியவில்லை. அட்டவணையில் பெரிய எண் எது, சின்ன எண் எது என்று பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யப் பழக்குங்கள், அதைத் தாளின் மேல் மூலையில் எழுதவும் வேண்டும்.

பின்னம் வந்தால் பதறுகிறாள் என்று தனியாகச் சொல்லியிருந்தீர்கள். எக்ஸுக்கு என்ன எண் போடுவது என்பது நம் கையில்தான் இருக்கிறது. எக்ஸின் கெழு, அதாவது எக்ஸுக்கு முன்னால் நிற்கிற எண், 2/3 என்றால் எக்ஸுக்கு −3, 0, 3 என்று மூன்றின் மடங்காகப் போட்டால் பின்னமே வராது. 2எக்ஸ் + 3ஒய் = 12 மாதிரி வந்தால் எக்ஸை 0 ஆக்கினால் ஒய் 4, ஒய்யை 0 ஆக்கினால் எக்ஸ் 6, இரண்டு புள்ளி கிடைத்தாயிற்று. கோடு வரைய இரண்டு போதும், ஆனாலும் மூன்றாவதாக ஒன்று வைத்தே தீர வேண்டும் என்று நான் எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வேன். இங்கே (3, 2). அது கோட்டில் உட்கார்ந்தால் நிம்மதி. விலகி நின்றால் மூன்றில் ஒன்று தப்பு என்று பரீட்சை ஹாலிலேயே தெரிந்துவிடும், தன் விடையைத் தானே சரிபார்த்துக்கொள்ள இவ்வளவு சுலபமான வழி கணக்கில் வேறு எங்கும் அதிகம் கிடைக்காது.

இதெல்லாம் கை வேலை. கோடு என்ன சொல்கிறது என்பது புரிந்தால்தான் பிள்ளைக்கு இதில் மனம் ஒட்டும். சென்னையில் 2013இல் ஆட்டோவுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். இதை வரையச் சொல்லுங்கள். 1.8 வரை கோடு 25இல் படுத்தே இருக்கும், அதிலிருந்து ஏறத் தொடங்கும். ஏறுகிற பகுதியின் சமன்பாடு ஒய் = 12எக்ஸ் + 3.4. ஐந்து கிலோமீட்டர் போனால் 63 ரூபாய் 40 காசு, கோட்டில் பார்த்தாலும் ஏறக்குறைய அதேதான் வரும். அந்த 12தான் சாய்வு. கிலோமீட்டருக்கான கட்டணம் ஏறினால் கோடு இன்னும் செங்குத்தாக நிமிரும் என்று அவளே சொல்லிவிட்டால், சாய்வு என்ற சொல்லுக்கு வேறு விளக்கமே தேவையில்லை.

பத்தாம் வகுப்பில் வரைபடக் கேள்விக்கு 8 மதிப்பெண், செய்முறை வடிவியலுக்கு இன்னொரு 8. நூற்றில் பதினாறு, அதுவும் பழகினால் முழுதாகக் கிடைக்கக்கூடியது. அங்கே வருகிற நேர் மாறுபாட்டு வரைபடம், அதாவது ஒன்று ஏற ஏற மற்றதும் அதே விகிதத்தில் ஏறுவது, ஆதிப்புள்ளி வழியாகப் போகும் நேர்க்கோடுதான். இருபடி வரைபடத்திலும் நேர்க்கோடு வருகிறது. ஒய் = எக்ஸ்² − எக்ஸ் − 6 வரைந்து, அதை வைத்து எக்ஸ்² − 2எக்ஸ் − 3 = 0 தீர்க்கச் சொன்னால், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து ஒய் = எக்ஸ் − 3 என்ற கோட்டை மேலே போட வேண்டும். வளைவரையும் கோடும் −1இலும் 3இலும் வெட்டும், அதுதான் விடை. இப்போது கோட்டை விட்டால் அடுத்த வருடம் இதில் மறுபடி சிக்கிக்கொள்வாள்.

வேலை என்று பார்த்தால், ஐடிஐயில் மெஷினிஸ்ட் படித்து, கணினிக் கட்டளைப்படி உலோகத்தை வெட்டுகிற சிஎன்சி மெஷினில் நிற்கிற பையன் தினமும் எழுதுவது ஜி01 எக்ஸ்40 ஒய்25 மாதிரி வரிகளைத்தான். இருக்கிற இடத்திலிருந்து அந்தப் புள்ளிக்கு நேர்க்கோட்டில் போ என்று அர்த்தம், குறி மாறினால் கருவி எதிர்ப்பக்கம் போய் வேலைப்பொருளே வீணாகும். இயற்பியலில், மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் வரைபடம் போட்டு அதன் சாய்விலிருந்து மின்தடையைக் கண்டுபிடிக்கிற சோதனை உண்டு. அங்கே புள்ளிகள் அச்சு அசலாகக் கோட்டில் விழாது, நடுவாகப் போகிற ஒரு கோட்டை வரைய வேண்டும். அதையே ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்குக் கணினியில் செய்தால் டேட்டா சயன்ஸ் படிப்பவர்கள் முதலில் கற்கிற பாடங்களில் ஒன்று.

காமர்ஸ் பக்கமே வருவோம். வீட்டிலிருந்து இட்லி மாவு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை, மற்ற நிலையான செலவு மாதம் 10,800 ரூபாய், ஒரு பாக்கெட்டுக்கு அடக்கம் 22, விற்பது 40. செலவுக்கு ஒரு கோடு, வரவுக்கு ஒரு கோடு. இரண்டும் 600 பாக்கெட்டில் சந்திக்கும், அங்கே வரவும் செலவும் 24,000. அதற்கு முன்னால் நஷ்டம், அதற்கு அப்புறம் லாபம். கணக்குப்பதிவியல் படித்து பெரிய கம்பெனியில் உட்கார்ந்தாலும் இதே படத்தைத்தான் பார்க்கப் போகிறாள்.

அதனால் குரூப் பற்றி இப்போது பேச வேண்டாம், பத்தாம் வகுப்பு அரையாண்டு வரைக்கும் அந்தப் பேச்சே வீட்டில் வேண்டாம் என்பேன். 'உனக்குக் கணக்கு வராது' என்ற சொல்லை நீங்களும் அவள் அப்பாவும் இன்றோடு நிறுத்திவிடுங்கள், அதைக் கேட்டுக் கேட்டுத்தான் கேள்வியை விட்டுவிட்டு வருகிறாளோ என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்று வாரம், ஞாயிறும் புதனும் ஒரு கிராஃப், மொத்தம் ஆறு. முதல் இரண்டு முழு எண், அடுத்த இரண்டில் குறை எண், கடைசி இரண்டில் பின்னம். தப்பாகப் போட்டதை அழிக்கச் சொல்லாதீர்கள், பக்கத்தில் புதிதாகப் போடட்டும். அந்த ஆறு தாளையும் தேதி போட்டு எடுத்து வாருங்கள், அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், எந்தக் குரூப் பிடிக்கும் என்று அவளிடமே கேட்போம்.