உக்கிராணக்காரன் பாடத்தைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. இரண்டு வருடமாக வீட்டிலிருந்தே படிக்கிறாள். என்.ஐ.ஓ.எஸ். (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதப் போகிறாள். வேதபாடத்துக்கு (பைபிள்) அமெரிக்காவில் தயாரித்த ஒரு வருடப் பாடத்தொகுப்பை வாங்கலாமா என்று யோசிக்கிறேன். பாடநூல், பயிற்சி நூல், விடைக்குறிப்பு எல்லாம் இருக்கிறது. விலைதான் மலைப்பாக இருக்கிறது. மகளோ, "சண்டே ஸ்கூல்ல கேட்ட கதைதானே அம்மா, மறுபடியும் எதுக்கு?" என்கிறாள். நான் சி.எஸ்.ஐ., கணவர் பெந்தெகொஸ்தே சபை. எதை வாங்கினாலும் வீட்டில் வாக்குவாதம் வருமோ என்று பயம் வேறு.
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: சகோதரி, பணம் கட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். மாதிரி என்று அவர்கள் அனுப்புவது பெரும்பாலும் முதல் பாடமாகத்தான் இருக்கும். படைப்பு, ஏதேன் தோட்டம், வழவழப்பான படங்கள். அதை வைத்து ஒன்றும் தெரியாது. லூக்கா 16-ஆம் அதிகாரத்துக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டு வாங்கிப் பாருங்கள்.

வேலை போகப்போகிறது என்று தெரிந்த உக்கிராணக்காரன், எஜமானுக்குக் கடன்பட்டவர்களைக் கூப்பிட்டுச் சீட்டைத் திருத்துகிற கதை அது. நூறு குடம் எண்ணெய் ஐம்பதாகிறது, நூறு கலம் கோதுமை எண்பதாகிறது. விஷயம் தெரிந்த எஜமான் அவனை மெச்சிக்கொள்கிறான்! 15 வயதுப் பெண் இதைப் படித்துவிட்டு "இதென்ன நியாயம்?" என்று கேட்காமல் இருப்பாளா? நான் புரட்டிப் பார்த்த ஒரு தொகுப்பில் இந்தப் பகுதிக்கு இருந்த பயிற்சி: "நாம் எப்போதும் ______ ஆக இருக்க வேண்டும்." விடைக்குறிப்பில் "நேர்மை". நேர்மை நல்லதுதான், யார் இல்லை என்றது? ஆனால் கதையில் பாராட்டு வாங்கியவன் நேர்மையானவன் இல்லையே! பிள்ளைக்கு வருகிற முதல் சந்தேகத்தையே அந்தப் புத்தகம் காணாததுபோல் தாண்டிப் போய்விட்டது. அங்கேயே மூடி வைத்துவிட்டேன்.

எஜமான் மெச்சியது களவையா, சாமர்த்தியத்தையா? தள்ளிக் கொடுத்தது எஜமானின் பணமா, அவனுக்கே வரவேண்டிய தரகா? விளக்கவுரை எழுதியவர்களே இதில் ஒத்துப்போவதில்லை. அதை மறைக்காமல் மாணவியிடம் சொல்கிற பாடம் என்றால் காசு கொடுக்கலாம்.

உக்கிராணக்காரன் என்றால் யார் என்று மகளைக் கேட்டுப் பாருங்கள். அநேகமாகத் தெரியாது. நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் அரிசி, தேங்காய், எண்ணெயெல்லாம் பூட்டி வைக்கும் அறைக்கு உக்கிராணம் என்று பெயர். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். சமையல்காரர் தேங்காய் கேட்டால் எண்ணித்தான் கொடுப்பார். அந்தச் சாவிதான் கதையே. உக்கிராணக்காரன் என்பது பழைய தமிழ் மொழிபெயர்ப்பின் சொல். 1995-இல் வந்த திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பில் அதே ஆள் 'வீட்டுப் பொறுப்பாளர்'. இரண்டு மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் அரை மணி நேரம் போவதே தெரியாது. வெளிநாட்டிலிருந்து வரும் எந்தப் பயிற்சி நூலிலும் இது கிடைக்காது.

அந்தத் தொகுப்புகளில் ஏன் இத்தனை தேர்வும் மதிப்பெண்ணும்? அமெரிக்காவில் வீட்டில் படிக்கும் உயர்நிலைப் பிள்ளைகளுக்குப் பெற்றோரே மதிப்பெண் பட்டியல் தயாரிப்பது வழக்கம். ஒரு பாடத்துக்குச் சுமார் 120 மணி நேரம் என்று கணக்குக் காட்டி, வேதபாடத்தையும் அதில் சேர்த்துக்கொள்வார்கள். உங்கள் மகள் எழுதப்போகும் தேர்வில் வேதபாடம் கணக்கில் வராது. இல்லாத மதிப்பெண்ணுக்கு எதற்குப் பயிற்சி நூல்?

நீங்களே போடக்கூடிய ஒரு திட்டம் சொல்கிறேன். லூக்கா சுவிசேஷம் 24 அதிகாரம், அப்போஸ்தலர் நடபடிகள் 28. மொத்தம் 52. வாரத்துக்கு ஒரு அதிகாரம், ஒரு வருடம் முடிந்தது. இரண்டும் தெயோப்பிலு என்ற ஒரே ஆளுக்கு எழுதியவை. ஒரே கதையின் இரண்டு பாகம். சண்டே ஸ்கூலில் துண்டு துண்டாகக் கேட்ட பிள்ளைக்கு இதைத் தொடர்ச்சியாகப் படிப்பதே புதுசாக இருக்கும். முதலில் அவள் தனியாகப் படித்து மூன்று கேள்வி எழுதி வரட்டும். விடையை நீங்கள் தயாராக வைத்திருக்க வேண்டியதில்லை. சரித்திரப் பாடத்தோடும் இணைக்கலாம்: அப்போஸ்தலர் 18-இல் கொரிந்துவில் பவுலை யாருக்கு முன் நிறுத்தினார்களோ, அந்த ரோம ஆளுநர் கல்லியோனின் பெயர் கிரேக்க நாட்டு டெல்ஃபியில் கிடைத்த கல்வெட்டில் இருக்கிறது. அதை வைத்துத்தான் பவுல் கொரிந்துவில் இருந்த காலம் ஏறக்குறைய கி.பி. 51 என்று கணக்கிடுகிறார்கள். வாங்குவதென்றால் ஒரு ஒத்தவாக்கிய அகராதியும் (ஒரு சொல் வேதத்தில் எங்கெல்லாம் வருகிறது என்று காட்டுவது) நல்ல வரைபடப் புத்தகமும் போதும்.

இனி வாக்குவாதம். தொகுப்பு வாங்கினால் அதை எழுதியவர்களின் சபைக் கொள்கையும் கூடவே வீட்டுக்குள் வரும். ஞானஸ்நானம், பரிசுத்த ஆவி, கடைசிக் காலம் ஆகிய மூன்று பாடங்களையும் முதலிலேயே பிரித்துப் பாருங்கள், தெரிந்துவிடும். புத்தகமே வாங்காவிட்டாலும் பேச்சு வரத்தான் செய்யும். அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரி தண்ணீரில் இறங்கி ஞானஸ்நானம் பெறுகிறார். விசுவாசித்த பிறகு, தண்ணீரில் மூழ்கித்தான் பெறவேண்டும் என்பதற்கு உங்கள் கணவர் அதைக் காட்டுவார். 16-இல் பிலிப்பி சிறைச்சாலைக்காரன் வீட்டார் எல்லாரோடும் பெறுகிறான். அந்த 'எல்லாரில்' குழந்தையும் உண்டு என்று உங்கள் சபை ஐயர் சொல்லியிருப்பார். இரண்டு பேரும் மகள் முன்னாலேயே, குரல் உயராமல், அவரவர் காரணத்தைச் சொல்லுங்கள்.

அப்போஸ்தலர் எட்டாம் அதிகாரம் 32-ஆவது வாரம் வரும். அந்த வாரம் உங்கள் கணவர் வெளியூர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.